நீலமா, லாவண்டரா, சுருளா, பட்டா: முதலில் எந்த இறகைக் கையில் எடுப்பது?

ஃபேன்சி கோழி வளர்ப்பில் புதிதாக இறங்கும் ஒருவரிடம் பெரும்பாலும் 3 கூண்டுகளும், 60 முட்டை கொள்ளும் ஓர் இன்குபேட்டரும், ஓரிரு ஆண்டு காத்திருக்கும் மனமும் இருக்கும். வாங்கிய கோழியை அப்படியே பெருக்கி விற்பதோடு நில்லாமல், தம் கையால் ஒரு நிறத்தையோ இறகின் தன்மையையோ ஒரு வழிமரபில் நிலைநிறுத்திவிட வேண்டும் என்ற ஆசை வந்ததும், அவர் முன் நான்கு பெயர்கள் வந்து நிற்கும்: நீலம், லாவண்டர், இறகு சுருண்டு நிற்கும் ஃப்ரிஸில், பட்டுநூல் போன்ற இறகுள்ள சில்க்கி. நான்கையும் ஒரே நேரத்தில் தொடங்க இடம் போதாது. ஒன்றைத்தான் முதலில் எடுக்க முடியும்.

எது அழகு என்று பார்த்தே பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். நான்குமே அழகு என்பதால் அந்த வழியில் முடிவு எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், எட்டு மாதம் காத்திருந்து பொரித்த குஞ்சுகள் அத்தனையும் சாதாரணக் கருப்பாக வந்து நிற்கும் நாளில் மனம் தளர்ந்து எல்லாவற்றையும் விற்றுவிடுகிறார்கள். நான்கையும் வளர்த்துப் பார்த்த அனுபவத்தில், தேர்வுக்கு முன் வேறு மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளும்படி சொல்வேன். அந்தப் பண்பைத் தரும் மரபணு ஒரு கோழியின் உடலில் இருந்தால் வெளியே தெரியுமா, ஒளிந்திருக்குமா? நாம் எதிர்பார்த்த பண்பு இல்லாமல் பொரியும் குஞ்சுகளை என்ன செய்யப் போகிறோம்? அந்த இறகைச் சுமந்துகொண்டு அந்தக் கோழி நம் ஊர்ச் சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் எப்படித் தாங்கும்?

முதல் கேள்வியிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு கோழிக்கும் ஒரு மரபணுவின் 2 பிரதிகள் உண்டு; ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. ஒடுங்கு பண்பாக இருந்தால் 2 பிரதிகளும் சேர்ந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். ஒரே பிரதியைச் சுமக்கும் கோழி அதை வெளியே காட்டாது. பள்ளிப் பாடத்தில் முழுமையற்ற ஓங்குத்தன்மை என்று படித்தோமே, அந்த வகைப் பண்பில் ஒரு பிரதி இருந்தால் ஒரு தோற்றமும், 2 பிரதிகள் இருந்தால் வேறொரு தோற்றமும் வரும். அதாவது கோழியைப் பார்த்தே அதன் மரபணுவைப் படித்துவிடலாம். நீலமும் லாவண்டரும் நிறம், சுருளும் பட்டும் இறகின் அமைப்பு என்றுதான் எல்லோரும் பிரித்துப் பார்க்கிறார்கள். வளர்ப்பவருக்குப் பயன்படும் பிரிவினை அதுவன்று. நீலமும் சுருளும் ஒரு பக்கம், அவை தம்மைக் காட்டிக்கொள்பவை. லாவண்டரும் பட்டும் மறுபக்கம், அவை ஒளிந்துகொள்பவை. எத்தனை கூண்டு வேண்டும், எத்தனை ஆண்டு ஆகும், எத்தனை குஞ்சுக்குத் தீனி போட வேண்டும் என்பதெல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்தே வருகின்றன.

நீலத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. மெண்டலின் விதிகள் பட்டாணிக்கு மட்டுமன்றி விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை ஆங்கில மரபியலாளர் வில்லியம் பேட்சன் 1902இல் கோழிகளின் கொண்டை வடிவத்தைக் கொண்டு காட்டினார். பின்னர் கேம்பிரிட்ஜில் அவருடன் சேர்ந்து உழைத்தவர் ரெஜினால்டு புன்னட். நம் பிள்ளைகள் விடைத்தாளில் பட்டாணிச் செடிக்காக வரையும் புன்னட் கட்டம் கோழிப் பட்டிகளுக்கிடையே வாழ்ந்த இந்த மனிதரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அந்தக் காலத்து ஆய்வுகளில் நீல அந்தலூசியக் கோழி முக்கிய இடம் பெற்றது. ஏனெனில் எத்தனை தலைமுறை நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தாலும் கருப்பும் அழுக்கு வெள்ளையுமாகக் குஞ்சுகள் வந்துகொண்டே இருந்ததைப் பண்ணையாளர்கள் கலப்பின் குற்றமாக நினைத்திருந்தார்கள். உண்மையில் நீலம் என்பதே கருப்பின் மீது நீல மரபணுவின் ஒரே ஒரு பிரதி வேலை செய்த தோற்றம். 2 பிரதிகள் சேர்ந்தால் உடல் சாம்பல் கலந்த வெள்ளையாகி, ஆங்காங்கே நீலமும் கருப்புமாகத் தெளித்தாற்போல் திட்டுகள் நிற்கும். அதையே ஸ்பிளாஷ் என்கிறோம். எனவே நீலத்தோடு நீலம் சேர்ந்தால் சராசரியாக நாலில் ஒன்று கருப்பு, இரண்டு நீலம், ஒன்று ஸ்பிளாஷ். "தூய நீலக் கோழி, குஞ்சு எல்லாம் நீலமாகவே வரும்" என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் அவர் மெண்டலை மறுக்கிறார்.

இதிலிருந்து ஒரு வசதி பிறக்கிறது. கருப்புச் சேவலோடு ஸ்பிளாஷ் பெட்டைகளை விட்டால், ஒரு குஞ்சும் தவறாமல் அத்தனையும் நீலமாகவே வரும், ஏனெனில் தந்தை நீல மரபணுவே இல்லாத பிரதியையும் தாய் நீல மரபணுவுள்ள பிரதியையும் மட்டுமே தர முடியும். விற்பனைக்கு நீலக் குஞ்சு வேண்டும் என்பவர் நீலக் கோழியையே வளர்க்கத் தேவையில்லை. ஒரு கருப்பும் சில ஸ்பிளாஷும் போதும். ஸ்பிளாஷுக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு என்பதால் அதை மலிவாக வாங்கவும் முடிகிறது. மேலும் இந்த வழியில் வீண் குஞ்சு என்று ஒன்று இல்லை. நீலத்தோடு நீலம் சேர்த்தாலும் வரும் கருப்பு அடுத்த ஆண்டுக்கான சேவல், ஸ்பிளாஷ் அடுத்த ஆண்டுக்கான பெட்டை. இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு நிறைவான விடை தரும் பண்பு இந்த நான்கில் வேறில்லை.

ஓர் எச்சரிக்கை உண்டு. நீல மரபணு கருப்பு நிறமியை மட்டுமே நீர்க்கச் செய்கிறது. சிவப்பையும் பொன்னிறத்தையும் ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகிறது. உடல் முழுவதும் கருப்பாக உள்ள அடித்தளம் இல்லாமல் செவலைப் பெட்டையோடு ஸ்பிளாஷைச் சேர்ப்பவர்கள், கழுத்தில் பொன்னிறம் கசிந்த நீலக் குஞ்சுகளைக் கண்டு திகைக்கிறார்கள். அதுவும் ஓர் அழகுதான், ஆனால் அதைத் தேடிப் போகாதவருக்கு ஏமாற்றம். வெள்ளை லெகார்ன் வழி வந்த கோழிகளை இந்த வேலைக்குள் விடவே கூடாது. அவற்றின் ஓங்கு வெள்ளை மரபணு, அதாவது ஒரு பிரதி இருந்தாலே தன்னைக் காட்டிவிடும் மரபணு, கருப்பை மறைத்துவிடுவதால் அடியில் நீலம் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் போகும். நீலத்தின் சாயல் கோழிக்குக் கோழி மாறும் என்பதும் உண்மை. மேகம் போல் வெளிறியதும் உண்டு, சிலேட்டுப் பலகை போல் இருண்டதும் உண்டு. விரும்பிய சாயலுக்கு ஆண்டுதோறும் பொறுக்கியெடுக்க வேண்டும்.

லாவண்டர் பார்வைக்கு நீலத்தின் தங்கை போல் இருந்தாலும் மரபியலில் அதற்கும் இதற்கும் உறவில்லை. இது ஒடுங்கு பண்பு. மெலனோஃபிலின் என்ற புரதத்திற்கான மரபணுவில் உள்ள மாற்றமே இதற்குக் காரணம் என்பது 2008இல் தெரியவந்தது. நிறமித் துகள்கள் இறகுக்குள் சீராகப் பரவாமல் கொத்துக் கொத்தாகத் தங்கிவிடுவதால் கருப்பு வெளிறிய ஊதா கலந்த சாம்பலாகத் தெரிகிறது. நீலத்தைப் போலன்றி இது சிவப்பையும் விட்டுவைக்காது. பொன்னிறத்தை வைக்கோல் நிறமாக்கிவிடும். 2 பிரதிகள் சேர்ந்துவிட்ட பிறகு லாவண்டருக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: லாவண்டரோடு லாவண்டர் சேர்ந்தால் குஞ்சு அத்தனையும் லாவண்டர்.

இந்த ஒரு விதியைக் கொண்டுதான் நான் ஏமாந்ததைக் கண்டுபிடித்தேன். முதன்முதலில் லாவண்டர் என்ற பெயரில் விலை கொடுத்து கொச்சின் பேன்டம் என்ற குள்ளக் கோழி இனத்தில் ஒரு ஜோடி வாங்கினேன். அந்த ஜோடியின் முட்டைகளில் 17 பொரிந்தன. 4 கருப்பு, 8 சாம்பல், 5 அழுக்கு வெள்ளை. லாவண்டருக்கும் லாவண்டருக்கும் கருப்புக் குஞ்சு பிறக்க வழியே இல்லை. கையில் இருந்தது நீல ஜோடி. விற்றவர் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் வேறுபாடு தெரிந்திருக்காது. தெரிந்துகொள்வது கடினமில்லை. முதுகிலிருந்து ஓர் இறகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லாவண்டர் இறகு அடி முதல் நுனி வரை ஒரே வெளிர் சாயலில், நீரில் கரைத்த மை போல இருக்கும். நீல இறகில் விளிம்போரம் நிறம் சற்றே தடித்து ஓர் இருண்ட கோடு ஓடும். சேவலாக இருந்தால் இன்னும் எளிது: நீலச் சேவலின் கழுத்தும் முதுகும் மார்பைவிடக் கருத்திருக்கும், லாவண்டர் சேவலில் கழுத்துக்கும் மார்புக்கும் ஒரே நிறம்.

லாவண்டரை உருவாக்குவதில் உள்ள சுமை காலமும் கணக்கும். ஒரே ஒரு லாவண்டர் சேவல் கிடைத்து, அதைக் கருப்புப் பெட்டைகளோடு சேர்த்தால் முதல் தலைமுறை முழுவதும் கருப்பு. அந்தக் கருப்புகள் அத்தனையும் லாவண்டரை மறைவாகச் சுமப்பவை. ஐந்தாறு மாதத்தில் அவை பருவத்துக்கு வந்து, அவற்றுள் பெட்டைகளைத் தந்தையோடு சேர்த்தால் பாதி லாவண்டர் வரும், தங்களுக்குள்ளேயே சேர்த்தால் கால் பங்கு வரும். அந்தக் கடைசி வழியில் பிறக்கும் கருப்புக் குஞ்சுகளில் மூன்றில் இரண்டு லாவண்டரைச் சுமப்பவை, ஒன்று சுமக்காதது. பார்த்து எதுவென்று சொல்ல முடியாது. சோதிக்க வழி உண்டு. ஐயத்துக்குரிய கருப்பை ஒரு லாவண்டரோடு சேர்த்துப் பொரிக்க வேண்டும். ஒரு லாவண்டர் குஞ்சு வந்தாலும் அது சுமக்கும் கோழி. தொடர்ந்து 5 குஞ்சுகள் கருப்பாகவே வந்தால், அது சுமக்கும் கோழியாக இருந்தும் அப்படி நேர்வதற்கு 32இல் ஒரு வாய்ப்புத்தான். அந்த அளவு உறுதி ஒரு சிறு பண்ணைக்குப் போதும். ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு கூண்டும் ஒரு மாதத்துக்கு மேல் காலமும் போய்விடும். 3 கூண்டுகள் மட்டும் உள்ளவருக்கு இது சிறிய செலவன்று.

அதோடு முடியவில்லை. லாவண்டர் வழிமரபுகள் பலவற்றில் வால் இறகும் சிறகு இறகும் சரியாக ஒட்டாமல், நார் நாராகப் பிரிந்து, கிழிந்த துணி போல் தொங்கும் குறை தொடர்கிறது. அதைச் சரிசெய்யத் தேர்ந்த வளர்ப்பாளர்கள் சில தலைமுறைக்கு ஒருமுறை நல்ல இறகுள்ள கருப்போடு கலக்கிறார்கள். கலந்தவுடன் மீண்டும் எல்லாம் கருப்பு. மீண்டும் ஒரு தலைமுறை காத்திருப்பு. லாவண்டரைக் கையில் எடுப்பவர் கருப்புக் கோழிகளுக்கும் நிரந்தரமாக ஒரு கூண்டு ஒதுக்க வேண்டியவர் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஃப்ரிஸிலைப் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த நான்கில் எளிதாக உருவாவதும் அதுதான், கவனமின்மையால் ஓர் உயிர் துன்பப்படுவதும் அதில்தான். சாதாரண இறகு உடலை நோக்கிப் படிந்து கிடக்கும். ஃப்ரிஸிலில் இறகின் நடுத்தண்டே வெளிப்புறமாகவும் முன்னோக்கியும் வளைகிறது. ஆல்ஃபா கெரட்டின் வகையைச் சேர்ந்த ஒரு புரதத்தின் மரபணுவில் சிறு பகுதி விடுபட்டதால் தண்டு தன் நேரான வடிவத்தை இழக்கிறது என்பதை 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. குஞ்சு பொரியும்போது இது தெரியாது. மெத்தென்ற பஞ்சு மறைத்துவிடும். சிறகின் முதல் இறகுகள் முளைத்து நீளும் நாட்களில் குஞ்சைக் கையில் எடுத்துச் சிறகை விரித்துப் பார்த்தால், நுனிகள் வாழைக்குருத்து விரிவது போல் மேல்நோக்கித் திரும்பியிருக்கும். அப்போதே பிரித்துவிடலாம்.

மரபணுவின் ஒரு பிரதி இருந்தால் அழகிய சுருள். 2 பிரதிகள் சேர்ந்தால் நேர்வதை நான் ஒருமுறை கண்டேன், இரண்டாம் முறை காண விரும்பவில்லை. சுருளோடு சுருளைச் சேர்த்தால் இன்னும் நல்ல சுருள் வரும் என்ற எண்ணத்தில் தொடக்கக் காலத்தில் அப்படிச் சேர்த்தேன். பிறந்தவற்றில் 3 குஞ்சுகளுக்கு ஆறாம் வாரத்தில் முதுகில் இறகென்று சொல்ல ஏதுமில்லை. முளைத்தவை பழைய துடைப்பக் குச்சி போல மெலிந்து, தொட்டால் ஒடிந்தன. தோல் வெயிலில் சிவந்திருந்தது. மற்றக் குஞ்சுகளைவிட அதிகம் தின்றும் உடல் பிடிக்கவில்லை, ஏனெனில் தின்றதெல்லாம் உடல் வெப்பத்தைக் காப்பதற்கே போயிற்று. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வால்டர் லாண்டவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1930களில் செய்த ஆய்வுகளில், இப்படி இரட்டைச் சுருள் பெற்ற கோழிகள் மிகுதியாகத் தீனி எடுப்பதும், அவற்றின் இதயம் பெருத்திருப்பதும் பதிவாகியுள்ளன. இறகை அழகுக்காகவே பார்க்கிறோம். கோழிக்கு அதுவே கூரையும் போர்வையும்.

ஆகவே ஃப்ரிஸிலுக்கு ஒரே ஒரு விதிதான், அதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்: சுருள் சேவலுக்குப் படிந்த இறகுள்ள பெட்டை, சுருள் பெட்டைக்குப் படிந்த இறகுள்ள சேவல். பாதிக் குஞ்சு சுருளாகவும் பாதிக் குஞ்சு சாதாரணமாகவும் வரும். சுருளோடு சுருள் சேர்த்தாலும் நல்ல சுருள் பாதிக்கு மேல் வரப்போவதில்லை என்பதால் விதியைப் பின்பற்றுவதில் இழப்பு ஏதும் இல்லை. அந்தச் சாதாரண இறகுக் குஞ்சுகளும் வீணல்ல, அடுத்த ஆண்டு இணை அவைதாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சுருளை மட்டுப்படுத்தும் வேறொரு ஒடுங்கு மரபணுவும் கோழிகளில் உண்டு. அது சேர்ந்த கோழிக்குச் சுருள் மரபணு இருந்தும் இறகு ஏறக்குறையப் படிந்தே தெரியும். சுருள் வழியில் பிறந்த கோழியைப் படிந்த இறகு என்று முடிவு செய்யுமுன் கழுத்து இறகையும் சிறகையும் விரல்விட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

வெப்பத்தைப் பொறுத்தவரை ஒற்றைச் சுருள் நம் நாட்டுக்குப் பகையன்று. இறகு உடலைவிட்டு விலகி நிற்பதால் காற்று புகுந்து வெப்பம் வெளியேறுகிறது. உத்தரப் பிரதேசத்தின் இஸத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனம் வெப்ப நாட்டுப் புறக்கடை வளர்ப்புக்காக உருவாக்கிய வகைகளுள் உப்காரி சுருள் இறகுக் கோழியின் கலப்பு, ஹிட்காரி கழுத்தில் இறகில்லாத கோழியின் கலப்பு என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மழைதான் சிக்கல். தலைகீழாகத் திரும்பிய இறகு நீரை வழியவிடாமல் தோல் வரை இறக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கூரை ஒழுகாத கொட்டகை இல்லாதவர் ஃப்ரிஸில் வைக்கக் கூடாது. சரியாகப் பறக்க இயலாததால் அமரும் கழியை முழங்கால் உயரத்துக்கு மேல் போட வேண்டாம்.

சில்க்கியின் இறகை முதன்முதலில் கையில் எடுத்தவர்கள் இது இறகா மயிரா என்று ஐயப்படுவார்கள். 13ஆம் நூற்றாண்டில் சீனம் சென்று வந்த மார்க்கோ போலோவும் பூனை மயிர் போன்ற உடலுடைய கோழிகளைப் பற்றிச் சொல்லிச் சென்றார். உண்மையில் அது முழுமையான இறகுதான், ஒரே ஒரு உறுப்பு இல்லை. நாட்டுக்கோழி இறகை விரலால் நடுவே பிளந்துவிட்டு, அடியிலிருந்து நுனி நோக்கி ஒருமுறை நீவினால் பிளவு மூடிக்கொள்ளும். இறகின் இழைகளிலிருந்து கிளைக்கும் நுண்ணிழைகளில் கொக்கிகள் இருந்து, ஒன்றை ஒன்று பற்றிக்கொள்வதே காரணம். சில்க்கியில் அந்தக் கொக்கிகள் உருவாவதில்லை. எத்தனை முறை நீவினாலும் இழைகள் தனித்தனியே காற்றில் அலையும். ஒரு மரபணுவின் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும் பகுதியில் உள்ள மாற்றமே இதன் மூலம் என்பது 2014இல் தெரிந்தது. இது ஒடுங்கு பண்பு. லாவண்டருக்குச் சொன்ன கணக்கு அத்தனையும் இதற்கும் பொருந்தும்.

ஆனால் லாவண்டரில் இல்லாத ஒரு குழப்பம் இங்கே உண்டு, அதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சில்க்கி என்பது பட்டு இறகு மட்டுமன்று. ஐந்து விரல், தலைக்குடுமி, கருந்தோல் ஆகியவையும் சேர்ந்த கட்டு. இவற்றில் பட்டு இறகு மட்டும் ஒடுங்கு பண்பு. ஐந்து விரலும் குடுமியும் ஓங்கு பண்பின் பக்கம் நிற்பவை. ஆகவே சில்க்கிச் சேவலை வேறு இனப் பெட்டையோடு சேர்த்தால் பிறக்கும் குஞ்சுகளுக்குக் குடுமி இருக்கும், பெரும்பாலும் ஐந்து விரல் இருக்கும், நாம் விரும்பிய பட்டு இறகு மட்டும் இருக்காது. வேண்டாதவை எல்லாம் முதல் தலைமுறையிலேயே வந்து நிற்கும், வேண்டியது ஒளிந்துகொள்ளும். கருந்தோலின் கதை இன்னும் நுட்பமானது. தோலைக் கருப்பாக்கும் மரபணு ஓங்கு வகை என்றாலும், அதைத் தடுக்கும் வேறொரு மரபணு பால் குரோமோசோமில் இருக்கிறது. கோழிகளில் சேவலுக்கு ஒத்த இரு பால் குரோமோசோம்களும் பெட்டைக்கு வேறுபட்ட இரண்டும் என்பதால், மகள் அந்தத் தடுப்பு மரபணுவைத் தந்தையிடமிருந்து மட்டுமே பெற முடியும். தடுப்பு மரபணு இல்லாத சில்க்கிச் சேவலையும் அதை உடைய மஞ்சள் கால் பெட்டையையும் சேர்த்தால் மகள்களின் தோல் கருப்பு, மகன்களின் தோல் வெளிறியது. திருப்பிச் சேர்த்தால் இருபாலும் வெளிறிவிடும். பேட்சனும் புன்னட்டும் 1911இல் விளக்கிய இந்தக் கணக்கு நூறாண்டு கடந்தும் கொட்டகையில் அப்படியே பலிக்கிறது. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத்தின் கருமைக்கும் சில்க்கியின் கருமைக்கும் மூலம் ஒரே மரபணு மாற்றம் என்பதால், கருந்தோலைக் கைவிடாமல் புது வழிமரபு வேண்டும் என்பவருக்குக் கடக்நாத் பெட்டை நல்ல துணை.

பட்டு இறகும் மழையைத் தாங்காது. கொக்கி இல்லாத இழைகள் நீரைத் தள்ளாமல் உறிஞ்சும். நனைந்த சில்க்கிக் குஞ்சு அரைமணி நேரத்தில் நடுங்கத் தொடங்கும், துடைத்து விளக்கடியில் வைக்காவிட்டால் பிழைக்காது. பறக்கவும் இயலாது. குடுமி கண்ணை மறைப்பதால் மேலே வட்டமிடும் பருந்து அதன் பார்வைக்கே வராது. ஆயினும் இரட்டைச் சுருளில் நேர்வது போல் பட்டு மரபணு 2 பிரதிகள் சேர்ந்ததால் கோழியின் உடல் கெட்டுப்போவதில்லை; உலர்ந்த தரையும் அடைத்த கூரையும் கொடுத்தால் அது நலமாக வாழ்ந்து, அடையும் நன்றாகக் காக்கும். உடல்நலக் கேள்வியில் நான் சில்க்கிக்கு ஃப்ரிஸிலைவிடச் சற்று மேலான இடம் தருவது இதனால்தான்: சில்க்கியில் தவறு நேர்ந்தால் காலம் வீணாகும், ஃப்ரிஸிலில் தவறு நேர்ந்தால் குஞ்சு வதைபடும்.

வரிப்பட்டை இறகு, பொன்-வெள்ளி நிறம் போன்ற பால் சார்ந்த பண்புகளையும் சிலர் இந்த வரிசையில் கேட்பதுண்டு. அவை குஞ்சிலேயே சேவல், பெட்டை பிரிக்க உதவுபவை. பொன்னிறச் சேவலோடு வெள்ளிப் பெட்டையைச் சேர்த்தால் பொன்னிறக் குஞ்சு பெட்டை, வெள்ளிக் குஞ்சு சேவல். முட்டைக்கு வளர்ப்பவருக்குப் பெரும் பயன். அழகுக்காக ஒரு வழிமரபைத் தொடங்குபவருக்கு முதல் தேர்வாக நான் அவற்றைச் சொல்ல மாட்டேன்.

இரு பண்புகளை ஒன்றுசேர்க்க நினைக்கும்போது, காட்டிக்கொள்ளும் மரபணுவுக்கும் ஒளிந்துகொள்ளும் மரபணுவுக்கும் உள்ள தொலைவு முழுவதுமாகத் தெரியும். நீலச் சுருள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கருப்புச் சுருள் சேவல் ஒன்றையும் படிந்த இறகுள்ள ஸ்பிளாஷ் பெட்டைகளையும் சேர்த்தால் குஞ்சு அத்தனையும் நீலம், அவற்றில் பாதி சுருள். 60 முட்டை வைத்து 48 பொரிந்தால் ஏறக்குறைய 24 நீலச் சுருள், அதுவும் முதல் தலைமுறையிலேயே, ஒரே கூண்டில். லாவண்டர் நிறத்தில் பட்டு இறகு வேண்டும் என்றால் நிலைமை வேறு. படிந்த இறகுள்ள லாவண்டரையும் கருப்புச் சில்க்கியையும் சேர்த்தால் முதல் தலைமுறை முழுவதும் கருப்பு, முழுவதும் படிந்த இறகு. அவற்றைத் தங்களுக்குள் சேர்த்தால் 16இல் ஒன்றே லாவண்டர் பட்டு. 48 குஞ்சில் எதிர்பார்க்கத்தக்கது 3. ஒன்றுகூட வராமல் போகவும் ஏறக்குறைய 5 சதவீத வாய்ப்பு உண்டு; வந்தாலும் அவற்றில் சேவல் எத்தனை, பெட்டை எத்தனை என்பது அதிர்ஷ்டம். மீதி 45 குஞ்சுகளுக்கும் தீனி, வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான லசோட்டா சொட்டு மருந்து, இடம் எல்லாம் கொடுத்தாக வேண்டும். எளிதில் கிடைக்கிறதே என்று வெள்ளைச் சில்க்கியைக் கொண்டு தொடங்கினால் இன்னும் மோசம். அந்த வெள்ளையும் பெரும்பாலும் ஓர் ஒடுங்கு பண்பு என்பதால் கணக்கு 64இல் மூன்றாகச் சுருங்கும், வெள்ளைக்கு அடியில் கருப்பு அடித்தளம் இருந்ததா என்பதும் பிறகுதான் தெரியும்.

எனவே 3 கூண்டும் ஒரு இன்குபேட்டரும் உள்ளவருக்கு என் பரிந்துரை நீலத்திலிருந்து தொடங்குவது. கருப்பும் ஸ்பிளாஷும் ஒரு கூண்டில் இருக்கட்டும். முதல் ஆண்டு குஞ்சுகளைப் பொரித்து, சாயலைப் பார்த்துப் பொறுக்கி, குறிப்பேட்டில் எழுதிப் பழகிய பின், இரண்டாம் ஆண்டில் ஒரு சுருள் சேவலை அந்த ஸ்பிளாஷ் பெட்டைகளிடம் கொண்டுவரலாம். அதற்குள் மழைக்கால ஈரத்தை அந்தக் கொட்டகை எப்படித் தாங்குகிறது என்பதும் தெரிந்துவிடும். சில்க்கி மட்டுமே மனத்தில் இருக்கிறது என்பவர் வேறு இனத்தோடு கலக்காமல், நல்ல சில்க்கி ஜோடியை அப்படியே வாங்கி, உடல் வாகுக்கும் குடுமிக்கும் பொறுக்கியெடுப்பதோடு நிற்கட்டும். ஒளிந்திருக்கும் மரபணுவோடு போராட வேண்டியதில்லை. லாவண்டர் நான்காவது கூண்டு கட்டிய பிறகு.

எதைத் தொடங்கினாலும் பொரித்த நாளிலேயே குஞ்சின் காலில் நிற வளையம் போட்டு, தாய் தந்தையின் எண்ணை எழுதிவைக்க வேண்டும். இறகு முளைத்த பிறகு நினைவிலிருந்து எழுதுவது பயன்படாது. வளையம் கால் பருக்கப் பருக்க இறுகும் என்பதால் இரு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சேவலை மாற்றும்போது இன்னொன்று. பெட்டை தன் உடலில் விந்தணுக்களை இரண்டு மூன்று வாரம் வரை சேமித்து வைத்திருக்கும் என்பதால், பழைய சேவலை வெளியேற்றிப் புதியதை விட்ட மறுநாள் எடுத்த முட்டை யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. 21 நாள் முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதன் பிறகு இடும் முட்டையின் மீது மட்டும் பென்சிலால் தேதி எழுதி இன்குபேட்டருக்குள் வைக்க வேண்டும்.